ஆமைக்கு எந்த மண்

பள்ளிக்கூடத்தில் சேர்வதற்கு முன்பே எனக்கு வீட்டில் ஒரு உத்தியோகம் கிடைத்துவிட்டது. நைனா சொல்வதைச் சித்தியிடம் சொல்ல வேண்டும். சித்தி சொல்வதை நைனாவிடம் சொல்ல வேண்டும். நைனா என்றால் என் அப்பா. சித்தி என்றால் அவருடைய தம்பி மனைவி. புருஷனின் அண்ணனோடு முகம் பார்த்துப் பேசுவது எங்கள் பக்கம் மரியாதை இல்லை. நைனா உள்ளே வந்தால் சித்தி எழுந்து கீற்றுத் தடுப்புக்குப் பின்னால் போய்விடுவார். நைனாவும் தடுப்புப் பக்கம் பார்க்காமல் என்னைப் பார்த்து, "தண்ணி வோணும்னு சொல்லு" என்பார். நான் திரும்பி, "தண்ணி வோணுமாம்" என்பேன். தடுப்புக்குக் கீழே சொம்பு நகர்ந்து வரும்.

இத்தனைக்கும் மூன்று பேருக்கும் நடுவே நாலு முழம்கூட இருக்காது. நைனாவின் குரல் கடல் இரைச்சலில் கத்திப் பழகிய குரல். அவர் தண்ணீர் கேட்டால் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருப்பவர்களுக்கும் தாகம் எடுக்கும். ஆனாலும் நான் சொன்ன பிறகுதான் சித்தி அசைவார். சித்தியின் குரல் மட்டும் என் காதைத் தாண்டாது. ஆகவே அவர் பேசியதில் நைனாவுக்கு எது போய்ச் சேர வேண்டும் என்பது என் கையில் இருந்தது. ஆறு வயதில் அப்படி ஒரு அதிகாரம் யாருக்கும் கொடுக்கக் கூடாது.

ராயபுரத்தில் கடலைப் பார்த்த குப்பம் எங்களுடையது. வெள்ளைக்காரன் போய் இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். நைனாவுக்குச் சொந்தக் கட்டுமரம் இருந்தது. அம்மா கூடையில் மீன் சுமந்து தெருத்தெருவாக விற்பாள். சித்தப்பாவுக்கு மட்டும் கடல் ஒத்துக்கொள்ளவில்லை. அலையைத் தாண்டுவதற்குள் குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுப்பார். மீன்காரன் வீட்டில் இதைவிட மானக்கேடு வேறில்லை என்பதால் அதைப் பற்றி யாரும் வாய் திறக்க மாட்டோம். அவர் ரயில்வே கூட்ஸ் யார்டில் சரக்கு ஏற்றி இறக்கும் கலாசியாகச் சேர்ந்தார். கூட வேலை செய்த ஒருவர் பெண் காட்ட, அரக்கோணத்துக்கு மேற்கே ஏதோ வறண்ட ஊரிலிருந்து சித்தியைக் கட்டிக்கொண்டு வந்தார். கல்யாணம் முடிந்து இங்கே வந்த அன்றுதான் சித்தி கடலையே முதன்முதலாகப் பார்த்தாராம். பார்த்துவிட்டு, "இது எப்ப நிக்கும்?" என்று கேட்டதை அம்மா இரண்டு வருஷமாகச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஒரு சனிக்கிழமை மாலை சித்தப்பா துண்டுக்குள் எதையோ சுற்றிக்கொண்டு வந்து வாசலில் அவிழ்த்தார். பாதித் தேங்காய் அளவுக்கு ஒரு ஆமை. கறுத்த ஓட்டில் மஞ்சள் மஞ்சளாகக் கோடுகள். ஒவ்வொரு கட்டத்திலும் யாரோ உட்கார்ந்து பொறுமையாகப் புள்ளி வைத்துக் கோடு இழுத்தது போல இருந்தது.

"கப்பல்லேர்ந்து மூட்ட எறக்க சொல்லோ வுய்ந்துச்சுண்ணா. ரங்கூன் கப்பலு" என்றார் சித்தப்பா.

நைனா தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, குனிந்து அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வலையில் ஆமை சிக்கினால் எங்கள் ஆட்கள் அதற்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, கும்பிட்டுத் திரும்பக் கடலில் விட்டுவிடுவார்கள். வலை கிழிந்திருந்தாலும் ஒரு வார்த்தை திட்ட மாட்டார்கள். ஆனால் அம்மா முகம் சுருங்கியது.

"வூட்டுக்குள்ள ஆமய கொண்டாந்து வெச்சிகினா இன்னாத்துக்காவும்?" என்றாள்.

"கொளத்து ஆம, காட்டு ஆமன்னா வாசல்லியே தூக்கி வீசிட வேண்டியதுதான். இது கடலு ஆம. சாமி" என்றார் நைனா.

அதை அப்போதே அலையில் விடக் கிளம்பியவரை நான் காலைக் கட்டிக்கொண்டு அழுது நிறுத்தினேன். எனக்கென்று ஒரு கோழிக்குஞ்சுகூட இருந்ததில்லை. கடைசியில், "சரி, வெள்ளிக்கெயமை வரிக்கும் கீட்டும். அப்பால நல்லபடியா அனுப்பி வெச்சுடணும்" என்று தவணை கொடுத்தார். மறுநாள் விடியும் முன்பே சித்தப்பாவை ஏதோ பாதை வேலைக்காக எட்டு நாள் வெளியூர் அனுப்பிவிட்டார்கள். ஆமை என் பொறுப்பில் வந்தது.

துறைமுகத்திலிருந்து வந்த பழைய தேயிலைப் பெட்டி ஒன்று வீட்டில் இருந்தது. அதுதான் ஆமைக்கு வீடு. உள்ளே என்ன விரிப்பது என்பதில்தான் குழப்பம் ஆரம்பித்தது. அம்மா ஒரு கிழிந்த கோணியைக் கொடுத்தாள். ஆமையின் நகம் கோணி நூலில் மாட்டிக்கொண்டு, அது ஒரே இடத்தில் நடந்துகொண்டிருந்தது. கோணியை எடுத்துவிட்டு அடுப்புச் சாம்பலைக் கொட்டினேன். ஆமை தும்மியது. ஆமை தும்மும் என்று நான் சொன்னால் இன்றைக்கும் யாரும் நம்புவதில்லை. பிறகு கட்டுமரம் செதுக்குகிற இடத்திலிருந்து மரச்சீவலை அள்ளி வந்து போட்டேன். அதைப் பார்த்த நைனாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"சாமிய குப்பையில படுக்க வெப்பாங்களா? அல தொட்டுட்டுப் போவுது பாரு, அந்த எடத்து மண்ண அள்ளிப் போடு. காலைல ஒருவாட்டி, சாயங்காலம் ஒருவாட்டி. ஈரம் காயக் கூடாது."

நான் கொட்டாங்கச்சியில் ஈர மணலைச் சுமந்து சுமந்து பெட்டியை நிரப்பினேன். நைனா ஒரு கொத்துக் கடல்பாசியும் இரண்டு இறாலும் போட்டார். ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டதுதான், மத்தியானம் வரைக்கும் வெளியே வரவே இல்லை. சாமி தூங்குகிறது என்று நைனா சொன்னார்.

நைனா வெளியே போனதும் சித்தி பெட்டிப் பக்கத்தில் வந்து குந்தினார். தோசைக்கல் காய்ந்ததா என்று பார்ப்பது போல ஆமையின் ஓட்டில் விரல் நுனியை வைத்துப் பார்த்தார். பிறகு அதைத் தூக்கி, முந்தானையால் வயிற்றுப் பக்கம் துடைத்து, வெயில் விழுகிற இடத்தில் வைத்து, முருங்கைக் கீரையை உருவி முன்னால் போட்டார். கொஞ்ச நேரத்தில் மூக்கு வந்தது, தலை வந்தது, ஆமை கறுக்முறுக்கென்று கீரையைத் தின்றது. சித்தி சிரித்தார். எங்கள் வீட்டுக்கு வந்து அவர் பல் தெரியச் சிரித்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"எங்க ஊர்ல ஆடு மேய்க்கப் போறப்ப கள்ளி வேலி ஓரமா பாப்போம். கட்டாமன்னு சொல்லுவாங்க" என்றார்.

நைனா சாப்பிட வந்தபோது தடுப்புக்குப் பின்னாலிருந்து சித்தி என் பாவாடையை இழுத்தார். "இது நெலத்து ஆமன்னு சொல்லு. ஈர மணலு ஆவாது, செம்மண்ணும் காஞ்ச புல்லும் போடணும்னு சொல்லு. கப்பல்ல ஒண்ணும் வரல. வெறகு வேகன்ல இருந்துச்சுன்னு உங்க சித்தப்பாவே எங்கிட்ட சொன்னாரு. அதையும் சொல்லு."

நான் திரும்பினேன். திரும்புகிற அந்தக் கொஞ்ச நேரத்தில் எனக்கு எல்லாம் கணக்காகிவிட்டது. நிலத்து ஆமை என்றால் வாசலிலேயே தூக்கி வீச வேண்டும் என்று நைனா சொல்லியிருக்கிறார். கடல் ஆமை என்றால் வெள்ளிக்கிழமை வரைக்கும் என்னிடம் இருக்கும். போதாததற்குச் சித்தப்பா பொய் சொன்னதும் வெளியே வந்துவிடும்.

"சித்தி செம்மண்ணு போடலாமான்னு கேக்குது" என்றேன்.

நைனா சோற்றை வைத்துக்கொண்டு சிரித்தார். "செம்மண்ணா? கடலு ஆமைக்கா? ஒங்க சித்தி கடலப் பாத்தே ரெண்டு வருசம்தான் ஆவுது. ஆம வெசயத்த நம்பகிட்ட வுட்ற சொல்லு."

சித்தி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். நான் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் உத்தியோகம் ஆயிற்றே, சொன்னேன்.

மறுநாள் சித்தி வேறு ஒன்றைச் சொல்லி அனுப்பினார். "கால்ல நகத்தப் பாக்கச் சொல்லு. கடல்ல நீந்தறதுக்கு எதுக்கு நகம்?" அதில் ஆபத்து ஒன்றும் தெரியாததால் அப்படியே சொன்னேன். நைனா ஆமையைத் திருப்பி வைத்துக்கொண்டு வெகு நேரம் பார்த்தார். எங்கள் கடல் ஆமைக்குத் துடுப்பு மாதிரிதான் கை இருக்கும் என்பது அவருக்குத் தெரியாததா என்ன? நெற்றியைச் சொறிந்துகொண்டார். அந்த நிமிஷத்தில் சித்தி தடுப்புக்குப் பின்னாலிருந்து ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை நேராகப் பேசியிருக்கலாம். பேசவில்லை.

"நண்டுக்குக் கூடத்தான் நகம் கீது. நண்டு இன்னா வயல்லியா கீது?" என்றார் நைனா முடிவாக. "ரங்கூன் கடலு ஆமைக்கு இப்டிதான் இருக்கும்."

ரங்கூனை நைனா பார்த்ததில்லை. எண்ணூரைத் தாண்டி அவர் எங்கும் போனதில்லை. ஆனால் அவர் சொன்னபோது எனக்கு அது சரியாகப் பட்டது. சித்தி சொன்னபோது சித்தி சொன்னதும் சரியாகத்தான் பட்டது. இரண்டு பேரும் சரியாகச் சொன்னால் ஆமைக்கு எந்த மண் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. யோசித்து யோசித்துத் தலை வலித்ததுதான் மிச்சம். கடைசியில் பெட்டிக்கு நடுவே ஒரு பலகைத் துண்டைப் படுக்கப் போட்டு, ஒரு பக்கம் ஈர மணலும் இன்னொரு பக்கம் வெயிலில் காய வைத்த மணலும் கொட்டினேன். இரண்டு பேருக்கும் பாதிப் பாதி நியாயம் கிடைத்துவிட்டது என்று எனக்குப் பெருமை.

ஆமைக்கு அந்தக் குழப்பம் எதுவும் இல்லை. ஈரப் பக்கத்தில் விட்டால் பலகையில் நகத்தை ஊன்றி ஏறி, உருண்டு, காய்ந்த பக்கம் போய் விழும். மறுபடி எடுத்து விட்டால் மறுபடி ஏறும். இதைப் பார்த்தாவது நைனாவுக்குப் புரிந்துவிடுமோ என்று பயந்தேன். அவருக்குப் புரிந்தது வேறு.

"பாத்தியா! பொட்ட ஆம. அலய வுட்டுட்டு காஞ்ச மண்ணுக்கு ஏறி வருதுன்னா இன்னா அர்த்தம்? முட்ட வெக்க எடம் பாக்குது." குளிர்காலத்தில் கடல் ஆமைகள் கரையேறி மணலில் குழி பறித்து முட்டை வைத்துவிட்டுப் போவதையும், அடுத்த வருஷம் அதே கரைக்குத் தேடி வருவதையும் அவர் எனக்கு விவரமாகச் சொன்னார். "எங்க போனாலும் வந்துடும். அதுக்கு வூடு தெரியும்."

அது என் மனதில் அப்படியே தங்கிவிட்டது. கடலுக்குப் போனால் ஆமை திரும்பி வரும்.

சித்தி அம்மாவிடமும் சொல்லிப் பார்த்தார். மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்த அம்மா, "அலை எப்ப நிக்கும்னு கேட்ட ஆளாச்சே நீ" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தாள். அதற்குப் பிறகு சித்தி அம்மாவிடம் ஆமைப் பேச்சை எடுக்கவில்லை. யாரும் பார்க்காதபோது இறாலை எடுத்து வெளியே எறிந்துவிட்டுக் கீரை போடுவதை மட்டும் நிறுத்தவில்லை. பெட்டியில் இறால் காணாமல் போவதைப் பார்த்து நைனா, சாமிக்கு இப்போதுதான் நம்ம ஊர் இறால் பிடித்திருக்கிறது என்று சந்தோஷப்பட்டார்.

வியாழக்கிழமை மாலை நைனா வாசலில் உட்கார்ந்து வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். மஞ்சள் அரைத்து வைக்கும்படி அம்மாவிடம் சொல்லியாகிவிட்டது. சித்தி என்னை உள்ளே கூப்பிட்டு, இரண்டு தோளையும் பிடித்து முன்னால் நிறுத்தினார்.

"கடல்ல வுட வேணாம்னு சொல்லு. வுட்டா முழுகிப் போயிடும். அதுக்கு நீந்தத் தெரியாது. இத மட்டும் அப்படியே சொல்லு கண்ணு. ஒரு எழுத்து மாத்தாத சொல்லு."

நான் வாசலுக்கு வந்தேன். உள்ளிருந்து வாசலுக்குப் பத்து அடி. இப்போது நினைத்தால் என் வாழ்க்கையில் நான் நடந்ததிலேயே நீளமான தூரம் அதுதான். நிலத்து ஆமை என்றால் இன்று ராத்திரியே தெருவில். கடல் ஆமை என்றால் நாளைக்குப் போய்விட்டு அடுத்த வருஷம் வந்துவிடும். சித்திக்கு ஆமை திரும்பி வருவது தெரியாது, பாவம், அவர் கடலைப் பார்த்தே இரண்டு வருஷம்தானே ஆகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"இன்னா சொல்லுது ஒங்க சித்தி?"

"பத்ரமா வுட்டுட்டு வரச் சொல்லுது நைனா" என்றேன், அவர் காதோடு.

நைனாவின் முகம் மலர்ந்தது. உள்ளே பார்த்துத் தெருவுக்கே கேட்கிற குரலில், "வுட்றேன்னு சொல்லு. என் கையாலியே வுட்றேன்னு சொல்லு" என்றார்.

நான் உள்ளே போய், "வுட்றாராம்" என்றேன். தான் சொன்னதைக் கேட்ட பிறகும் நைனா இப்படிச் சொல்கிறார் என்றுதானே சித்தி நினைத்திருப்பார்? சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார், சாப்பிடவில்லை. எதற்கு என்று எனக்குப் புரியவில்லை.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் அம்மா ஆமைக்கு மஞ்சள் பூசினாள். ஓட்டின் கோடுகள் எல்லாம் மஞ்சளில் மறைந்தன. குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, நாங்கள் மூன்று பேரும் விழுந்து கும்பிட்டோம். சித்தி வரவில்லை. அம்மா கூடையை எடுத்துக்கொண்டு மீன் வாங்கப் போனாள். நைனா ஆமையைக் கூடையில் வைத்து, கட்டுமரத்தைத் தள்ளி ஏறினார். கரையில் விட்டால் அலை திருப்பி அடித்துவிடும். அலைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டால்தான் மரியாதை.

நான் மணலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நைனா அலை தாண்டிப் போய், கட்டுமரத்தில் எழுந்து நின்று, இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார். குனிந்தார். குனிந்தவர் அப்படியே கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்தார். திடீரென்று கடலில் குதித்தார். மேலே வந்து மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி உள்ளே போனார். மறுபடியும், மறுபடியும். சாமியை வழியனுப்பினால் தலை முழுகுவார்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

திரும்பி வந்தபோது அவர் கையில் துண்டு முடிச்சாக இருந்தது. "ஆம போச்சா நைனா?" என்று கேட்டேன். தண்ணீர் சொட்டச் சொட்ட வீட்டுக்கு நடந்தார். நான் பின்னால் ஓடினேன்.

வீட்டுக்குள் போனவர் என்னைக் கூப்பிடவில்லை. தடுப்புக்கு முன்னால் போய் நின்று, "எம்மா" என்றார்.

யாரைக் கூப்பிடுகிறார் என்று நான் சுற்றும் பார்த்தேன். சித்தி எழுந்து வெளியே வந்தார்.

"எந்த மண்ணுன்னு சொன்னம்மா?"

பழக்கதோஷத்தில் அதைத் திருப்பிச் சொல்ல நான் வாயைத் திறந்தேன். அதற்குள் சித்தி, "செம்மண்ணு, மாமா. காஞ்சதா" என்று நேராக அவரிடமே சொல்லிவிட்டார்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆமை திரும்பி வந்துவிட்டது; அதுவும் ஒரே நாளில். போதாததற்கு எந்த மண் என்ற வழக்கும் ஒருவழியாகத் தீர்ந்துவிட்டது. கூடையை எடுத்துக்கொண்டு ஓடினேன். ரயில் பாதை ஓரத்தில் புதிதாகக் கொட்டியிருந்த செம்மண்ணை, கல் இல்லாமல் பொறுக்கிப் பொறுக்கி அள்ளி வந்தேன். வருவதற்குள் நைனா வீட்டுக்குப் பின்னால் ஒரு குழி தோண்டியிருந்தார். தேயிலைப் பெட்டியைவிட இது குளிர்ச்சியாகத்தான் இருக்கும் என்று எனக்கும் பட்டது. செம்மண்ணை மெத்தையாகப் பரப்பி, மேலே காய்ந்த புல்லைப் போட்டேன். உள்ளங்கையால் அழுத்திப் பார்த்துவிட்டு, போதும் என்றேன்.

சித்தி துண்டை அவிழ்த்தார். ஆமையின் தலையும் நாலு காலும் முழுக்க வெளியே இருந்தன. தலையைத் தொட்டேன், உள்ளே இழுத்துக்கொள்ளவில்லை. என்னிடம் பழகிவிட்டது என்று பூரித்துப்போனேன். செத்துவிட்டதோ என்று ஒரு நிமிஷம் சந்தேகம் வந்தது. ஆனால் எங்கள் வீட்டில் செத்தது எதுவானாலும் கவிச்சி அடிக்கும். இது மஞ்சள் வாசனைதான் அடித்தது. அதனால் சாகவில்லை என்று தீர்மானித்தேன்.

ஆமையைப் படுக்க வைத்துவிட்டு, சித்தி ஒரு பிடி மண்ணை எடுத்து அதன் மேல் போட்டார்.

"மேலயுமா சித்தி?"

"ஆமா. மேலயும்."

நானும் உதவி செய்தேன். குழி நிறைந்ததும் நைனா பக்கத்தில் குந்திக்கொண்டார். அவருடைய பெரிய குரல் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. சித்தி பேசுவது மாதிரி மெதுவாகப் பேசினார்.

"கல்லு மேரி எறங்கிடுச்சும்மா. கடல்ல வுட்டா முய்கிடும்னு ஒரு வார்த்த சொல்லி அனுப்பியிருக்கலாமே."

மண்ணைத் தட்டிக்கொண்டிருந்த சித்தியின் கை நின்றது. நிமிர்ந்து நைனாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் மண்ணின் மேல் தண்ணீர் தெளிக்கலாமா, கூடாதா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

"மறந்துட்டேன், மாமா" என்றார்.

எனக்கு ஆச்சரியமாகப் போய்விட்டது. நேற்று மாலை என் தோளைப் பிடித்துக்கொண்டு, ஒரு எழுத்து மாற்றாமல் சொல்லு என்றாரே, அது எப்படி ஒரே ராத்திரியில் மறக்கும்? ஞாபகப்படுத்தலாம் என்று வாயைத் திறந்தேன். சித்தி என் முகத்தை இழுத்து முந்தானையால், கொஞ்சம் அழுத்தமாகவே, வாயோடு சேர்த்துத் துடைத்தார். "மண்ணு ஒட்டிக்கிட்டிருக்குது. போய் கை கழுவு, போ."

போய்க் கழுவிக்கொண்டேன். மத்தியானம் அம்மா வெறும் கூடையோடு வந்ததும், ஆமை திரும்பி வந்ததையும், அதற்குச் செம்மண் போட்டுப் போர்த்திப் படுக்க வைத்ததையும், நைனாவும் சித்தியும் இனிமேல் நேராகவே பேசிக்கொள்வார்கள் என்பதையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். அம்மா கூடையை இறக்கவே இல்லை. தலையில் வைத்தபடி நின்று கேட்டாள்.

"ஆனா சித்திக்குத்தான்மா ரொம்ப மறதி" என்றேன். "பாவம், சொன்னது எதுவுமே அதுக்கு ஞாபகம் நிக்க மாட்டேங்குது."